சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

அத்தியாயம் பதினொன்று

மருதாயி சாமித் தட்டோடு வாசலுக்கு வந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். தட்டில் பூவும் பழமும் இருக்கும் என்று நினைத்திருந்தீர்களானால், மருதாயியை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. தட்டில் இருந்தவை இரண்டு கேலிப்பர்கள்.

கேலிப்பர் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. காரின் முன்சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிற இரும்புத் தட்டை, பிரேக்கை மிதித்தவுடன் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற கவ்வி. அந்தக் கவ்விக்குள் இருக்கிற பேட் எனப்படும் தகடுகள்தான் தட்டோடு உரசிக் காரை நிறுத்துகின்றன. மருதாயியின் மகன் இந்திரகுமார் அவற்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு றக்வானை வரைக்கும் கொண்டுவந்திருந்தான். பழைய கேலிப்பருக்குத் தகடுகளைத் தள்ள ஒரு பிஸ்டன், இதற்கு நான்கு. மலை இறக்கத்தில் பாரமான வண்டியையும் பிடித்து நிறுத்தக்கூடியது.

அப்படிப்பட்ட சாமானை வெறுமனே பூட்டிவிட மருதாயிக்கு மனசு வரவில்லை. விடிந்ததும் விடியாததுமாக எழுந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் தடவி, குங்குமம் இட்டாள். இரும்பில் குங்குமம் நிற்காதே என்று விளக்கு எண்ணெயைத் தொட்டுக்கொண்டாள். பேட்டுகளை மட்டும் விட்டால் குறையாகிவிடும் என்று அவற்றுக்கும் நிறையவே பூசினாள். கும்பிட்டு எழுந்து பார்த்தபோது எண்ணெயை எல்லாம் பேட்டுகள் குடித்துவிட்டிருந்தன. அவளுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

இந்திரகுமார் தட்டிலிருந்து ஒரு பேட்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"அம்மா, ஒலகத்துல எண்ணெயே படக்கூடாத சாமான் ஒன்னு இருக்குன்னா, அது இதுதான்."

"சாமிக்கு ஊத்துன எண்ணெய்டா. அது என்னா செய்யும்?"

"வழுக்கும்மா."

பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்ற அவன் மனைவி சுமித்ராவுக்குச் சிரிப்பும் வந்தது, வேலை கெட்டுப்போயிற்றே என்ற கவலையும் வந்தது. இந்தப் பிரேக் வேலை இன்றைக்கு முடியவேண்டும் என்று அந்த வீட்டிலேயே அதிகமாக ஆசைப்பட்டவள் அவள்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. இந்திரகுமாருக்கும் அவளுக்கும் கல்யாணமாகி நான்கு வருஷம். அதில் மூன்று வருஷத்துக்கு மேல் அவன் கத்தாரில், ஒரு பெரிய கராஜில் மெக்கானிக். இவள் இங்கே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். யார் யாருடைய பிள்ளைகளையோ தாலாட்டித் தூங்கவைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து போன் திரையில் புருஷன் முகத்தைப் பார்ப்பாள். சிக்னல் போனால் அதுவும் போச்சு.

இப்போது லீவில் வந்திருக்கிறான். லீவு முடியப் போகிறது. திரும்பிப் போவானா, இங்கேயே இருந்துவிடுவானா? அதை அவள் கேட்காத நாளில்லை. அவனும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பிரேக் வேலை முடியட்டும், பேசுவோம்.

ஆளாவது பக்கத்தில் இருந்தானா என்றால், காருக்கு அடியில் இருந்தான். இரத்தினபுரி மாணிக்க வியாபாரி ஒருவரின் மகன் ஓட்டி அலுத்துப்போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காரை விலைக்கு வாங்கியிருந்தான். இரண்டே கதவு, கருநீலம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வந்த புதிதில் அதை எடுத்துக்கொண்டு றக்வானை இறக்கத்தில் போனவன், வளைவுக்கு வளைவு பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், கடைசியில் தேயிலை மேட்டில் முட்டி நிறுத்தினான். அன்றைக்கே சொல்லிவிட்டான், புது கேலிப்பர் பூட்டாமல் சுமித்ராவை இந்த வண்டியில் ஏற்றமாட்டேன் என்று. அதனால் புருஷன் வீட்டில் இருந்தும், அவனோடு ஒரு கோவில் குளத்துக்குக்கூடப் போகவில்லை அவள். போனில் இருந்தபோதாவது முகம் தெரிந்தது. இப்போது காலிரண்டுதான் தெரிகிறது என்று ஒருநாள் சொல்லியும் காட்டினாள்.

இந்திரகுமார் தாயைத் திட்டவில்லை. கேலிப்பர்களைப் பெட்ரோல் போட்டுத் துடைத்தால் சரியாகிவிடும், எண்ணெய் குடித்த பேட்டுகளை ஒன்றும் செய்யமுடியாது என்று மட்டும் சொன்னான். றக்வானை டவுனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நுஹ்மானுக்குப் போன் போட்டான். நுஹ்மான் இரத்தினபுரிக்குப் போட்டார். இதே அளவு பேட் அங்கே இருக்கிறது, அடுத்த பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று செய்தி வந்தது. அந்த மலையில் மருந்து, மாலை, மோட்டார் எல்லாம் கண்டக்டர் கையில்தான் வரும்.

"நீ போய் எடுத்துட்டு வர்றியா? நான் அதுக்குள்ள பழசைக் கழட்டி வச்சிருவேன்" என்றான் மனைவியிடம்.

சுமித்ரா பிள்ளைக் காம்பராவுக்கு லீவு சொல்லியிருந்தாள். சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

தோட்டத்து வீட்டு வரிசைகளான லயங்களைத் தாண்டிக் குறுக்குப் பாதையில் இறங்கும்போது மனசு வேறெங்கோ போயிற்று. போன வருஷம் அடைமழையில் ஒரு நாள். மருதாயிக்கு மூச்சு வாங்கி, முகம் நீலம்பாரித்துவிட்டது. மேலே ஏறிவர ஒரு திரீவீலரும் சம்மதிக்கவில்லை. மண் சரியும் என்று பயம். லயத்து ஆட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு கையால் மாமியாரின் தலைக்குக் குடைபிடித்து, மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள் சுமித்ரா. போனுக்குள் இந்திரகுமார் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்படி ஒரு நேரத்தில் ஆள் பக்கத்தில் இல்லாமல் என்ன கல்யாணம் என்று அன்றைக்கு நினைத்தாள். இன்றைக்கும் அந்த நினைப்பு மாறவில்லை.

பஸ் நேரம் கழித்துத்தான் வந்தது. கண்டக்டர் மிதிபலகையில் நின்றபடியே, இந்தா தங்கச்சி பார்சல் என்று சிங்களத்தில் சொல்லி ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"நங்கி, மென்ன பார்சல் எக்க."

"ஸ்தூதி அய்யா" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, சரியான சாமான்தானா என்று காட்டுவதற்காக நுஹ்மான் கடைக்குள் நுழைந்தாள். நுஹ்மான் பிரித்துப் பார்த்து, அளவு சரி என்று தலையாட்டிவிட்டு, மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு டேப் சுருளை எடுத்துவைத்தார்.

"இதையும் குடுத்துடுங்க தங்கச்சி. ஒங்கட மாப்புள நேத்து எல் போர்ட் ஒரு சோடி எடுத்தார். ஒட்ட டேப் எடுக்க மறந்துட்டார்."

"எல் போர்டா?"

"ஓ. ஓட்டிப் பழகுறவங்க போடுற போர்ட். ஆருக்குப் பழக்கப் போறார்? ஒங்களுக்குத்தானே?"

சுமித்ரா டேப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தலைகால் புரியாத சந்தோஷம். கார் ஓட்டிப் பழகுவது ஒருநாளில் முடிகிற காரியமா? அதுவும் இந்த மலையில், இந்த வளைவுகளில்? பழக்கி எடுக்க மாசக்கணக்காகும். அடுத்த வாரம் பிளேன் ஏறப் போகிறவன் எல் போர்டு வாங்குவானா? மாட்டான். இருக்கப் போகிறவன்தான் வாங்குவான். கணக்கு அவளுக்குச் சரியாக வந்தது. ஏறும்போது மூச்சு வாங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது காரின் முன்பக்கம் தாங்கிகளின் மேல் நின்றது. இரண்டு சக்கரமும் கழற்றிவைக்கப்பட்டு, பழைய கேலிப்பர்கள் சாக்கின் மேல் கிடந்தன. குங்குமம் துடைக்கப்பட்ட புதியவற்றைப் பூட்டியாகிவிட்டது. ஒன்றின் ஓரத்தில் மட்டும் ஒரு சந்தனக் கீற்றை அவன் துடைக்காமல் விட்டிருந்தான். மருதாயி அதைக் கவனித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி தேங்காய் துருவப் போனாள். மகன் காரோடு இருக்கிறவரைக்கும் வீட்டோடு இருப்பான் என்பது அவளுடைய கணக்கு.

பேட்டுகளை உள்ளே தள்ளி ஊசிகளைப் பூட்டிவிட்டு, இந்திரகுமார் கையைத் துடைத்தான்.

"சுமி, டிரைவர் சீட்ல ஏறு. காத்து எடுக்கணும்."

புது கேலிப்பர் பூட்டினால் பிரேக் திரவம் ஓடுகிற குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். அதை வெளியே எடுக்காவிட்டால் பிரேக் பஞ்சு மாதிரி இருக்கும். ஒருவர் உள்ளே இருந்து மிதிக்கவேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் இருந்து திருகாணியைத் திறந்து மூடவேண்டும். ஒற்றை ஆள் செய்யமுடியாத வேலை. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை இதுதான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கால் வசதியாக எட்டியது.

"நல்லா மிதி" என்றான் கீழிருந்து. மிதித்தாள்.

"அப்பிடியே புடி." பிடித்தாள். கால் மெதுவாக உள்ளே இறங்கியது. திருகாணியில் மாட்டியிருந்த கண்ணாடிக் குழாயில் குமிழ்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இப்ப விடு."

மறுபடி மிதி, மறுபடி பிடி, மறுபடி விடு. அவன் முகம் இவளுக்குத் தெரியவில்லை, இவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை. போனில் இருந்ததைவிடத் தூரம் என்று தோன்றவேண்டிய இடம். அப்படித் தோன்றவில்லை. காலுக்கடியில் அவனுடைய கை அசைவது பெடல் வழியாகத் தெரிந்தது. இந்த வேலை முடியவே வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு. முகம் தெரியாத தைரியத்தில் கேட்டும் விட்டாள்.

"எல் போர்டு வாங்குனீங்களாமே?"

கீழே ஸ்பேனர் திருகாணியில் மாட்டுகிற சத்தம் கேட்டது.

"புடி" என்றான் பிறகு.

"புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கா?"

"ஒனக்குத்தான்."

"எப்ப பழக்குவீங்க?"

"இன்னைக்கே." திருகாணியை மூடிவிட்டு, "இப்ப விடு" என்றான்.

அவள் விட்டாள். கண் நிறைந்துவிட்டது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, மருதாயி கும்பிட்ட அதே சாமியை அவளும் கும்பிட்டாள். எண்ணெய் பூசியதற்கு மாமியாருக்கு ஒரு முத்தம் கொடுத்தாலும் தகும். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் அவள் நுஹ்மான் கடைக்குப் போயிருக்கவும் மாட்டாள், எல் போர்டு சங்கதி தெரிந்திருக்கவும் மாட்டாள்.

வலப்பக்கமும் முடிந்தது. குமிழ் நின்றது. பெடல் இப்போது கல் மாதிரி நின்றது. இந்திரகுமார் சக்கரங்களைப் பூட்டி, காரைத் தரையில் இறக்கினான். முன்னும் பின்னும் எல் போர்டை ஒட்டினான். சுமித்ரா இறங்கப் போனாள். அவன் கதவை மெதுவாக மூடிவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான்.

"எறங்காத. நீயே எடு. மொதல்ல கோவில் மொடக்கு வளைவு வரைக்கும் மெதுவா போய் புது பேட்டை ஒரசிப் பழக்கணும். நான் பக்கத்துல இருக்கேன்."

மருதாயி எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். வேலை செய்த வண்டி முதல் முறை புறப்படும்போது நான்கு சக்கரத்தடியிலும் பழம் வைத்து நசுக்கிப் போகவேண்டும். அந்தத் தோட்டத்தில் கொழுந்து லொறியிலிருந்து திரீவீலர் வரைக்கும் அதற்கு விலக்கில்லை. குனிந்து ஒவ்வொரு டயருக்கு முன்னாலும் ஒரு பழத்தை வைத்தாள். நிமிர்ந்தபோதுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மருமகளைக் கண்டாள்.

"அவளா ஓட்டப் போறா?"

"அவதாம்மா."

மருதாயிக்குச் சிரிப்புத் தாளவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவை வேலிக்கு இந்தப் பக்கம் வரச்சொல்லிக் கூப்பிட்டாள். தேங்காயின் மேல் கற்பூரம் ஏற்றினாள்.

எஞ்சின் உறுமியது. வாசல் நல்ல சரிவு. ஹேண்ட் பிரேக்கை அவன் இறக்கிவிட்டான். இப்போது காரைப் பிடித்துக்கொண்டிருந்தது சுமித்ராவின் வலது கால் மட்டும்தான்.

கண்ணாடியைச் சரிசெய்யக் கை வைத்தாள். சரிசெய்ய ஒன்றுமில்லை. பின்னால் இருக்கிற பாதை அவள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. சீட்டும் அவளுக்கென்று அளந்து வைத்தமாதிரி முன்னால் இருந்தது. ஆறடி மனிதன் இதில் எப்படி உட்கார்ந்து ஓட்டினான்?

"சீட்டை ஏன் இவ்வளவு முன்னால தள்ளி வச்சிருக்கீங்க?"

"தண்டவாளம் தேஞ்சு போயிருந்துச்சு. எறக்கத்துல வழுக்கி வரும். ஒன் அளவுக்கு வச்சு போல்ட் போட்டு இறுக்கிட்டேன். இனி அசையாது."

"அப்ப நீங்க எப்பிடி ஒக்காருவீங்க?"

அவன் முன்னால் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய முழங்கால் அந்த இடத்தில் அடங்காது என்பதைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சுமித்ராவுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது.

"எப்ப போறீங்க?" என்றாள்.

"மாரியம்மன் திருவிழா முடிஞ்ச கையோட." என்றான். "போர்மனா போடுறாங்க சுமி. ரெண்டு வருஷம். குடும்பத்தைக் கூப்பிட விட மாட்டாங்க, கேட்டுப் பாத்துட்டேன். அங்க நான் கைய வச்சா ஒரு வண்டி ஓடும்னு சொல்றாங்க. இங்க எனக்கு இருந்த ஒரே வண்டி வேலை இது. அதுவும் இன்னையோட முடிஞ்சிருச்சு."

"எனக்கு எதுக்கு கார்?"

"அன்னைக்கு மழையில அம்மாவைத் தூக்கிட்டு எறங்குனீங்களே. நான் போன்ல பாத்துக்கிட்டே இருந்தேன். ஒன்னும் செய்ய ஏலல. இனி அப்பிடி ஒரு நாள் வந்தா நீ யாரையும் கெஞ்சக்கூடாது. நீயே எறக்கிட்டுப் போகணும். அதுக்குத்தான் நாலு பிஸ்டன் தேடி அலைஞ்சேன். எந்த எறக்கத்துலயும் ஒன்னையப் புடிச்சு நிறுத்தும்."

ஆஸ்பத்திரிக்குப் போக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய மனிதன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். வேறொரு நாளில் சொல்லிச் சிரித்திருப்பாள். இப்போது சிரிக்க முடியவில்லை. அவனுக்கு அவள்மேல் ஆசை இல்லை என்று எத்தனையோ நாள் மனசுக்குள் குற்றம் சாட்டியிருக்கிறாள். ஆசை இருக்கிறது. இத்தனை நாளும் காருக்கடியில் கிடந்தது முழுக்க அந்த ஆசைதான். ஆனால் அந்த ஆசையை இரும்பில் பூட்டிவிட்டு, ஆள் போகப் போகிறான். அவளுக்கு வேண்டியது ஆள்.

வெளியே மருதாயி கற்பூரத்தைக் காரின் முகப்புக்கு மூன்று முறை சுற்றினாள். மகன் இனி இங்கேயேதான் என்ற பூரிப்பு அவள் முகம் முழுக்க இருந்தது. வெள்ளையம்மாவிடம் அதைச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் உள்ளே கேட்கவில்லை என்றாலும், கையாட்டத்திலேயே தெரிந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் தலையை அசைத்தான். தெரியாது.

தேங்காய் உடைந்து இரண்டு பக்கமும் தெறித்தது. மருதாயி ஒதுங்கி நின்று, வா வா என்று கையைக் காட்டினாள்.

"சுமி, காலை எடு. சரிவுதான், வண்டி தானா உருளும். பயப்படாத, பிரேக் நல்லா இருக்கு."

"பயம் இல்லீங்க" என்றாள் சுமித்ரா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான் ஓட்டப் பழகிட்டா நீங்க நிம்மதியா போயிருவீங்க. அதனால பழக மாட்டேன்."

"நீ பழகாட்டியும் நான் போகத்தானே வேணும்."

"அப்ப அதை எறங்கிப் போய் அம்மாகிட்ட சொல்லுங்க. நீங்க இங்கயே இருக்கப் போறீங்கன்னு வச்ச பழத்தை அவங்களே எடுத்ததுக்குப் பிறகு நான் காலை எடுக்கிறேன்."

இந்திரகுமார் கதவுப் பிடியில் கை வைத்தான். வைத்த கை அங்கேயே நின்றது. திறக்கவில்லை, எடுக்கவும் இல்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மருதாயி வாசலில் கையைக் காட்டியபடியே நின்றாள், சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. சுமித்ராவின் வலது காலில் அழுத்தம் குறையவில்லை. அவன் பார்த்துப் பார்த்துப் பூட்டிய கேலிப்பர்கள் அந்தச் சரிவில் காரை ஒரு இம்மியும் நகரவிடாமல் பிடித்திருந்தன. நான்கு டயருக்கு முன்னாலும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தபடியே கிடந்தன.